இளங்கலைப் பொருளியலுக்குக் கல்லூரி தேர்ந்தெடுப்பது எப்படி: கொங்கு மாவட்ட மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பொறியியலுக்கு எந்தக் கல்லூரி, அதில் எந்தப் பிரிவு என்று கேட்டால், பெருந்துறையிலிருந்து திருச்செங்கோடு போகும் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரே கட்-ஆஃப் மதிப்பெண்ணோடு பதில் சொல்லிவிடுவார். பொருளியலுக்கு எந்தக் கல்லூரி என்று கேட்டால், "அதைப் படிச்சுப்போட்டு என்னங்க பண்றது?" என்ற எதிர்க்கேள்விதான் வரும். என் மகளுக்குக் கல்லூரி தேடிய காலத்தில் எனக்கு வேண்டிய தகவல்கள் துண்டு துண்டாகவும், பெரும்பாலும் தேவை முடிந்த பிறகுமே கிடைத்தன. கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல், கரூர், நீலகிரி மாவட்டங்களில் இருந்துகொண்டு இதே தேடலைத் தொடங்குகிறவர்களுக்காக அவற்றை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். கட்டணங்களும் தேதிகளும் 2025 சேர்க்கையையும் அதற்கு முந்தைய ஆண்டுகளையும் ஒட்டியவை. விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.

கல்லூரியின் பெயரை எல்லோரும் முதலில் பார்க்கிறார்கள். என் கணிப்பில் அதைக் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும்.

1. கணிதம் உண்டா, இல்லையா என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்

பொருளியல் கலைப் பாடம் என்பதால் கணிதம் தேவையில்லை என்று நம் பக்கம் பரவலாக நம்புகிறார்கள். தமிழ்நாட்டின் அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் பி.ஏ. பொருளியல் சேரப் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படித்திருக்க வேண்டிய கட்டாயம் பொதுவாக இல்லை என்பது உண்மைதான். ஆனால் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பி.ஏ. ஹானர்ஸ் பொருளியலுக்கு, க்யூட் எனப்படும் மத்தியப் பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வில் ஒரு மொழி, கணிதம் அல்லது பயன்பாட்டுக் கணிதம், இவற்றோடு வேறு இரண்டு பாடங்கள் எழுதியாக வேண்டும். அந்தப் பல்கலைக்கழகம் பன்னிரண்டாம் வகுப்பில் படித்த பாடங்களையே தேர்விலும் எழுதச் சொல்கிறது. ஆகவே வணிகவியல், கணக்குப் பதிவியல், பொருளியல், கணினிப் பயன்பாடுகள் என்ற பாடப்பிரிவில் சேர்ந்த மாணவருக்கு அந்தக் கதவு பதினொன்றாம் வகுப்பின் முதல் நாளிலேயே மூடிவிடுகிறது.

இதற்கு நேரெதிரான ஒரு செய்தியும் உண்டு. நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்துப் பள்ளிகளில் பொறியியலையோ மருத்துவத்தையோ எண்ணிக் கணிதமும் உயிரியலும் படித்துவிட்டுப் பிறகு மனம் மாறும் பிள்ளைகள், பொருளியலை ஒரு நாளும் படித்திராதபோதும், இந்தப் பட்டத்துக்கு முழுத் தகுதியோடு இருக்கிறார்கள். "சயின்ஸ் குரூப் எடுத்துட்டு எக்கனாமிக்ஸா" என்று தயங்க வேண்டியதில்லை. முதல் பருவத்தில் கொஞ்சம் கூடுதலாகப் படித்தால் போதும்.

வணிகக் கணிதமும் புள்ளியியலும் உள்ள பிரிவில் படித்தவர்கள் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். அந்தப் பாடத்தைக் கணிதத்துக்கு நிகராக ஏற்பார்களா என்பதை, சேர விரும்பும் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதி, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி மையத்தில் சொன்னார்கள் என்பது ஆவணச் சரிபார்ப்பின்போது உதவாது.

2. பட்டத்தின் பெயரைச் சொல் சொல்லாகப் படியுங்கள்

பி.ஏ. பொருளியல், பி.எஸ்சி. பொருளியல், வணிகப் பொருளியல், நிறுவனப் பொருளியல், கணினிப் பயன்பாட்டோடு கூடிய பொருளியல் என்று பெயர்கள் பலவாக வருகின்றன. கேட்பதற்குப் புதியதாகவும் வேலை தருவதாகவும் தோன்றும் பெயர், அரசுப் பணித் தேர்வின்போது சிக்கலாக மாறக்கூடும். டி.என்.பி.எஸ்.சி., ஆசிரியர் தேர்வு வாரியம் ஆகியவற்றின் அறிவிக்கைகளில் "பொருளியல் பட்டம்" என்று கேட்கப்படும் இடத்தில், பெயர் மாறிய பட்டம் அதற்கு இணையானது என்று உயர்கல்வித் துறையின் அரசாணை இருக்க வேண்டும். அரசாணை இல்லையென்றால், தேர்வில் வென்ற பிறகு இணைத்தன்மைச் சான்றுக்காக அலைய நேரும். சேர்வதற்கு முன்பே கல்லூரி அலுவலகத்தில், "இந்தப் பட்டத்துக்கு இணைத்தன்மை அரசாணை எண் என்ன?" என்று கேளுங்கள். எண்ணைச் சொல்ல முடியாத இடத்தில், வெறும் பி.ஏ. பொருளியல் இருந்தால் அதையே எடுப்பது நல்லது.

கால அளவும் வேறுபடுகிறது. தமிழ்நாட்டில் இளங்கலை மூன்றாண்டுகள். டெல்லியில் நான்காண்டுத் திட்டம் இருக்கிறது. மூன்றாண்டில் பட்டத்தோடு வெளியேறவும் வழியுண்டு. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த முதுகலைப் பொருளியல் இருக்கிறது. அதற்கும் க்யூட் வழியாகத்தான் சேர வேண்டும்.

பயிற்றுமொழியையும் இங்கேயே முடிவு செய்துவிடுங்கள். அரசுக் கல்லூரிகள் பலவற்றில் தமிழ்வழியும் ஆங்கிலவழியும் தனித்தனிப் பிரிவுகளாக இருக்கின்றன. தமிழ்நாடு அரசுப் பணிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை தரும் 2010-ஆம் ஆண்டுச் சட்டம், 2020-இல் திருத்தப்பட்ட பிறகு, பள்ளியிலிருந்து பட்டம் வரை தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும் என்று கேட்கிறது. ஆகையால் மெட்ரிக் பள்ளியில் ஆங்கிலவழியில் படித்த பிள்ளை, பட்டத்தை மட்டும் தமிழ்வழியில் படித்து இந்த முன்னுரிமையைப் பெற முடியாது. அரசுப் பள்ளியில் தொடக்கத்திலிருந்து தமிழ்வழியில் வந்த பிள்ளை, ஆங்கிலவழிக்கு மாறுவதால் எதை இழக்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்துவிட்டு மாற வேண்டும்.

3. பாடத்திட்டத்தைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற நேரமிருக்கிறது என்றால் இதைப் பின்பற்றுங்கள். ஒவ்வொரு தன்னாட்சிக் கல்லூரியும் தன் பாடத்திட்டத்தை இணையதளத்தில் வெளியிடுகிறது. தன்னாட்சி இல்லாத கல்லூரிகளுக்குப் பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டம் பொருந்தும். ஆறு பருவங்களின் பாடப் பட்டியலை அச்செடுத்து, மேசைமேல் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள்.

முதலில் நுண்ணியல் பொருளியலும் பேரியல் பொருளியலும் எத்தனை பருவங்களுக்கு நீள்கின்றன என்று பாருங்கள்; இரண்டும் தலா இரண்டு தாள்களாக இருப்பது வழக்கம், ஒரே தாளோடு முடிந்துவிட்டால் அடித்தளம் மெலிதாக இருக்கும். அடுத்து, பொருளியலுக்கான கணித முறைகள் என்ற தாளைத் திறந்து, அதில் வகை நுண்கணிதமும் அணிகளும் உண்மையாகவே கற்பிக்கப்படுகின்றனவா, அல்லது பள்ளிப் பாடத்தில் உள்ள கணக்குகளே மறுபடி வருகின்றனவா என்று பாருங்கள். புள்ளியியலில் நிகழ்தகவும் தொடர்புப் போக்கும் இருக்கின்றனவா, எக்கனாமெட்ரிக்ஸ் என்ற பொருளியல் அளவையியல் தாள் கட்டாயமா, விருப்பப் பாடமா, அல்லது அறவே இல்லையா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். விருப்பப் பாடம் என்று அச்சிட்டிருந்தால், கடந்த ஆண்டு அதை உண்மையில் நடத்தினார்களா என்று துறையில் கேளுங்கள். பட்டியலில் மட்டும் இருந்து, ஆசிரியர் இல்லாததால் நடத்தப்படாத விருப்பப் பாடங்களை நான் பல இடங்களில் பார்த்தேன்.

இவ்வளவு வலியுறுத்தக் காரணம் மேற்படிப்புதான். பொருளியலில் பட்டம் மட்டும் பெற்றவருக்கும் முதுகலை முடித்தவருக்கும் வாய்ப்புகள் பெரிதும் வேறுபடுகின்றன. யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வை எழுதப் பொருளியலிலோ அதன் கிளைத் துறையிலோ முதுகலை வேண்டும். முதுகலைச் சேர்க்கைக்காக ஐ.ஐ.டி.கள் நடத்தும் ஜாம் நுழைவுத் தேர்வில் 2021 முதல் பொருளியல் தாள் இருக்கிறது; அதில் கணிதமும் புள்ளியியலும் கணிசமான பங்கு வகிக்கின்றன. டெல்லி ஸ்கூல் ஆஃப் எக்கனாமிக்ஸ், இந்தியப் புள்ளியியல் நிறுவனம் போன்ற இடங்களுக்குப் போக நினைப்பவருக்கும் இதே நிலைதான். இளங்கலையில் கணிதம் இல்லாமல் வெளியே வரும் மாணவர், அந்தத் தேர்வுகளுக்காக அதைத் தனியே கற்றுக்கொள்ள ஓராண்டைச் செலவிட வேண்டியிருக்கும்.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் முதல் நான்கு பருவங்கள் மொழிப்பாடங்கள் இருக்கும். இளங்கலைக்கு மொத்தம் 140 கிரெடிட்டுகள் என்பது பொதுவான கணக்கு. அதில் பொருளியலுக்கும் அதன் துணைப் பாடங்களுக்கும் எவ்வளவு கிடைக்கிறது என்று கூட்டிப் பார்த்தால் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபாடு தெரியும். துணைப் பாடமாகக் கணிதமோ புள்ளியியலோ தருகிற கல்லூரிக்கு என் பட்டியலில் எப்போதும் ஒரு படி மேலிடம் உண்டு.

4. கல்லூரி எந்த வகை, எந்தப் பல்கலைக்கழகத்தின்கீழ் என்று பாருங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி மாவட்டக் கல்லூரிகள் பாரதியார் பல்கலைக்கழகத்தின்கீழும், சேலம், நாமக்கல் மாவட்டக் கல்லூரிகள் பெரியார் பல்கலைக்கழகத்தின்கீழும், கரூர் கல்லூரிகள் திருச்சியிலுள்ள பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின்கீழும் வருகின்றன. பல்கலைக்கழக வளாகங்களில் முதன்மையாக முதுகலையும் ஆய்வும்தான் நடக்கின்றன. ஆகவே மருதமலை அடிவாரத்திலுள்ள பாரதியார் பல்கலைக்கழக வளாகத்தில் பி.ஏ. சேரலாம் என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள். பட்டத்தைப் பல்கலைக்கழகம் தருகிறது, பாடத்தைக் கல்லூரி நடத்துகிறது.

அரசுக் கல்லூரிகளில் கோவை அரசு கலைக் கல்லூரி, திருப்பூர் சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரி, உடுமலை, சேலம், கரூர் அரசு கலைக் கல்லூரிகள் ஆகியவை பொருளியலுக்கு நம் பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியவை. மாணவிகளுக்குக் கோவையில் பி.எஸ்.ஜி.ஆர். கிருஷ்ணம்மாள், நிர்மலா ஆகிய கல்லூரிகளும், நிகர்நிலைப் பல்கலைக்கழகமான அவினாசிலிங்கமும் இருக்கின்றன. சென்னைக்குப் போகத் தயாராக இருந்தால் லயோலா, தாம்பரம் கிறித்தவக் கல்லூரி, மாநிலக் கல்லூரி, ஸ்டெல்லா மாரிஸ் ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். பெங்களூரில் பி.ஆர். அம்பேத்கர் பெயரிலான பொருளியல் பல்கலைக்கழகம் இந்தத் துறைக்கென்றே அமைந்தது; சேலம், ஈரோடு மாவட்டத்தாருக்கு அது சென்னையைவிட அருகில் இருக்கிறது.

இங்கே இரண்டு பொறிகள் உள்ளன. ஒரே கல்லூரியில் ஒரே பாடம் அரசு உதவி பெறும் பிரிவாகவும் சுயநிதிப் பிரிவாகவும் இருக்கக்கூடும். கட்டணம் பல மடங்கு வேறுபடும். "உதவி பெறும் கல்லூரி" என்ற பெயரை நம்பிப் போய், சேர்ந்தது சுயநிதிப் பிரிவு என்று பிறகு அறிபவர்கள் பலர். விண்ணப்பப் படிவத்தில் பிரிவின் பெயர் என்னவென்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். இரண்டாவது, தேசியத் தரவரிசை. கோவைக் கல்லூரிகள் சில என்.ஐ.ஆர்.எஃப். பட்டியலில் தொடர்ந்து முன்வரிசையில் வருகின்றன. ஆனால் அந்த இடம் கல்லூரி முழுவதற்கும் உரியது, பொருளியல் துறைக்கு உரியதன்று. துறையில் நிரந்தரப் பேராசிரியர்கள் எத்தனை பேர், கௌரவ விரிவுரையாளர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் தரவரிசையைவிடத் தெளிவான விடை கிடைக்கும்.

5. சான்றிதழ்களை முன்கூட்டியே தயார் செய்யுங்கள்

எங்களுக்கு அதிக அலைச்சலைத் தந்தது இந்தப் படிதான். உள்ளூர்க் கல்லூரிக்குத் தேவையானவை எளியவை: பத்தாம், பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள், பள்ளி மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், புகைப்படங்கள், மாணவரின் பெயரிலேயே ஆதாரோடு இணைத்த வங்கிக் கணக்கு. இ-சேவை மையத்தில் சாதி, வருமானச் சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் கட்டணம் 60 ரூபாய். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக மேலே போகும். மே மாதத்தில் ஊரே விண்ணப்பிக்கும்; ஆகவே பிப்ரவரியிலேயே முடித்துவிடுங்கள். பழங்குடியினருக்குச் சான்றிதழ் தருபவர் வருவாய்க் கோட்டாட்சியர் என்பதால் அவர்கள் இன்னும் முன்னதாகத் தொடங்க வேண்டும்.

முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காக வரிசையில் நிற்பவர்களைப் பார்க்கிறேன். அதன் கட்டணச் சலுகை தொழிற்கல்விப் படிப்புகளுக்கு உரியது, பி.ஏ.வுக்கு அது பயன்படாது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டு உள் ஒதுக்கீடும் அப்படித்தான். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் மட்டும் கலைப் படிப்புக்கும் உண்டு. 2024 முதல் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களும் இதில் அடங்குவர். ஆறாம் வகுப்பிலிருந்து படித்ததைக் காட்டும் சான்று தேவைப்படும் என்பதால், பள்ளி மாறியவர்கள் பழைய பள்ளியிலும் கேட்டு வாங்கி வையுங்கள்.

வெளிமாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கிறவர்கள் மூன்று விஷயங்களைத் தனியே கவனிக்க வேண்டும்.

முதலாவது, ஓ.பி.சி. சான்றிதழ். நம் கையிலுள்ள பிற்படுத்தப்பட்டோர் அல்லது மிகவும் பிற்படுத்தப்பட்டோர் சாதிச் சான்றிதழ் மத்தியப் பல்கலைக்கழகத்தில் செல்லாது. கிரீமி லேயர் எனப்படும் வளமான பிரிவைச் சேராதவர் என்று கூறும் தனிச் சான்றிதழ் வேண்டும். மத்தியப் பட்டியலில் உங்கள் சாதியின் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ, அப்படியே சான்றிதழிலும் இருக்க வேண்டும். வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய்; அந்தக் கணக்கில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது, ஆனால் விசைத்தறி, பனியன் கம்பெனி, கடை வருமானம் சேரும். விவசாயக் குடும்பங்களுக்கு நில அளவு வரம்பு தனியாக உண்டு: பாசன நிலம் மாநில நில உச்சவரம்பின் 85 விழுக்காட்டை எட்டினால் சலுகை கிடையாது. இவற்றையெல்லாம்விடப் பெரிய பொறி தேதிதான். டெல்லிப் பல்கலைக்கழகம் நடப்பு நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1-க்குப் பிறகு வழங்கப்பட்ட சான்றிதழைக் கேட்கிறது. முன்னெச்சரிக்கையாக மார்ச்சில் வாங்கியவர்கள், சேர்க்கையின்போது மறுபடி தாலுகா அலுவலகப் படியேற வேண்டும். சாதிச் சான்றிதழைப் பிப்ரவரியிலும், ஓ.பி.சி. சான்றிதழை ஏப்ரல் முதல் வாரத்திலும் விண்ணப்பியுங்கள்.

இரண்டாவது, பெயர். மதிப்பெண் சான்றிதழில் முதலெழுத்தோடு ஒரு பெயர், ஆதாரில் தந்தை பெயரை விரித்தெழுதி ஒரு பெயர், வங்கிக் கணக்கில் முதலெழுத்து பின்னால் போன ஒரு பெயர் என்று நம் பிள்ளைகளுக்குப் பெயர் மூன்றாகிவிடுகிறது. வடக்கே உள்ள இணையப் படிவங்கள் இதைப் புரிந்துகொள்ளாது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயரையே அடிப்படையாகக் கொண்டு, ஆதாரை அதற்கேற்ப முன்கூட்டியே திருத்திவிடுங்கள். நிறுத்தற்புள்ளி, இடைவெளி கூட ஒன்றாக இருப்பது நல்லது.

மூன்றாவது, இடப்பெயர்வுச் சான்றிதழ். மைக்ரேஷன் என்று கேட்பார்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்களுக்கு இதைத் தருவது பள்ளியன்று, அரசுத் தேர்வுகள் இயக்ககம். முடிவு வெளிவந்தவுடன் விண்ணப்பித்துவிட்டால் பிறகு பதற வேண்டியதில்லை.

6. தேதிகளை ஒரே தாளில் எழுதுங்கள்

சேர்க்கைகள் எல்லாம் ஒரே காலத்தில் நடப்பதில்லை. சிக்கலே அதில்தான் இருக்கிறது. க்யூட் விண்ணப்பம் 2025-இல் மார்ச் மாதம் திறந்தது, தேர்வு மே, ஜூனில் நடந்தது, முடிவு ஜூலை தொடக்கத்தில் வந்தது. டெல்லியில் வகுப்புகள் ஆகஸ்ட் 1 அன்று தொடங்கின. இதற்கிடையே பன்னிரண்டாம் வகுப்பு முடிவு மே 8 அன்று வெளியானது; அரசுக் கல்லூரி விண்ணப்பம் மே 7 முதல் 27 வரை இருந்தது; கலந்தாய்வு ஜூன் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. தனியார் தன்னாட்சிக் கல்லூரிகள் சில முடிவு வருவதற்கு முன்பே விண்ணப்பம் கொடுத்து, முடிவு வந்த வாரத்திலேயே கட்டணம் கேட்கின்றன. அதாவது வெளிமாநில முடிவு தெரிவதற்கு ஒரு மாதம் முன்பே உள்ளூரில் பணம் கட்டியாக வேண்டும். இதைத் தவிர்க்க வழியில்லை; குறைந்த செலவில் ஓர் உள்ளூர் இடத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பதே சரி. அந்த இடம் அரசுக் கல்லூரியாக இருந்தால் விட்டுப் போகும்போது இழப்பு மிகக் குறைவு.

அரசுக் கல்லூரிகளுக்கு டி.என்.காசா என்ற ஒரே இணையதளத்தில் விண்ணப்பிக்கிறோம். விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாயும் பதிவுக் கட்டணம் 2 ரூபாயும். பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் பதிவுக் கட்டணம் மட்டும். பொருளியலுக்கான தரவரிசை, மொழிப்பாடங்கள் நீங்கலான நான்கு பாடங்களில் 400-க்கு எடுத்த மதிப்பெண்ணைக் கொண்டு அமையும். மாநில இட ஒதுக்கீட்டு முறை இங்கும் உண்டு. பொதுப் பிரிவு 31 விழுக்காடு போக மீதி 69 விழுக்காடு ஒதுக்கீட்டுக்கு உரியது. விண்ணப்பம் ஒன்றானாலும் கலந்தாய்வு அந்தந்தக் கல்லூரியில், நேரில் நடக்கிறது. கோவையும் உடுமலையும் ஒரே நாளில் அழைத்தால் ஒன்றை விட்டாக வேண்டும், அல்லது தகுந்த ஆவணங்களோடு பெற்றோர் ஓரிடத்துக்குப் போக முடியுமா என்று முந்தைய நாளே கல்லூரியில் கேட்டுக்கொள்ள வேண்டும். முதல் கட்டத்தில் பொருளியலுக்குப் பெயர் வரவில்லையென்றால் மனம் தளர வேண்டாம். வணிகவியலிலும் கணினி அறிவியலிலும் இடம் கிடைத்து மாறிப் போகிறவர்களால் இரண்டாம் கட்டத்தில் பொருளியல் இடங்கள் நிறையத் திறக்கின்றன.

க்யூட் பற்றிச் சில குறிப்புகள். 2025-இல் மூன்று பாடங்கள் வரை பொதுப் பிரிவுக்கு 1,000 ரூபாய், ஓ.பி.சி.க்கு 900, பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 800. நான்காவது பாடத்துக்கு முறையே 400, 375, 350 கூடுதல். ஆக, டெல்லிப் பொருளியலுக்கான நான்கு பாடங்களுக்கு ஓ.பி.சி. மாணவர் 1,275 ரூபாய் கட்ட வேண்டும். ஒவ்வொரு பாடத்துக்கும் 60 நிமிடம், 50 கேள்விகள்; சரியான விடைக்கு 5 மதிப்பெண், தவறுக்கு ஒன்று குறைப்பு. மொழித்தாளாகத் தமிழை எடுக்கலாம். நன்றாகத் தமிழ் எழுதும் பிள்ளைக்கு ஆங்கிலத்தைவிட அது கைகொடுக்கும். தேர்வு என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்களை ஒட்டியது. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் நுண்ணியல் பதினொன்றாம் வகுப்போடு முடிந்துவிடுவதால், பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் பொருளியல் தாளில் தடுமாறுகிறார்கள்.

க்யூட் எழுதினாலே டெல்லிக்கு விண்ணப்பித்ததாக ஆகாது. அந்தப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைத் தளத்தில் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். கட்டணம் 250 ரூபாய், பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 100. அங்கே கல்லூரி விருப்பங்களை எத்தனை வேண்டுமானாலும் வரிசைப்படுத்தலாம். பெயர் தெரிந்த நான்கைந்து கல்லூரிகளோடு நிறுத்திக்கொள்கிறவர்களுக்கு ஒன்றும் கிடைக்காமல் போகிறது. பொருளியல் உள்ள எல்லாக் கல்லூரிகளையும் எழுதுங்கள். ஒதுக்கீடு வந்தால் ஏற்பதற்குச் சில நாட்களே தருவார்கள். ஏற்காமல் விட்டால் அடுத்த சுற்றுகளிலும் இடமில்லை. அந்த நாட்களில் குலதெய்வக் கோயில் பயணம் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

7. மூன்றாண்டு மொத்தச் செலவைக் கணக்கிடுங்கள்

அரசுக் கல்லூரியில் இளங்கலைக்குக் கல்விக் கட்டணம் இல்லை. மற்ற கட்டணங்கள் ஆண்டுக்குச் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். சுயநிதிப் பிரிவில் ஆண்டுக்குப் பல பத்தாயிரங்கள். தனியார் பல்கலைக்கழகங்களில் லட்சங்கள். கல்லூரிகள் சொல்லும் தொகை பெரும்பாலும் முதல் பருவக் கல்விக் கட்டணம் மட்டுமே. தேர்வுக் கட்டணம், கல்லூரிப் பேருந்து, சீருடை, திறன் வளர்ப்பு வகுப்பு என்று தனித்தனியாக வருபவற்றையும் கேட்டு, மூன்றாண்டுக்குப் பெருக்கிப் பாருங்கள். ரசீது தராத எந்தத் தொகையையும் கட்டாதீர்கள். "சீட் வாங்கித் தருகிறேன்" என்று வருகிற இடைத்தரகருக்குப் பொருளியலில் வேலையே இல்லை, ஏனென்றால் இடங்கள் காலியாகத்தான் இருக்கின்றன.

வீட்டிலிருந்து போய்வர முடியாதவர்களுக்குப் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை, ஆதிதிராவிடர் நலத்துறை விடுதிகள் இலவசம். வருமான வரம்பு உண்டு. பிற்படுத்தப்பட்டோர் விடுதிகளில் வீட்டுக்கும் கல்லூரிக்கும் 8 கி.மீ. தூரம் இருக்க வேண்டும் என்ற விதி மாணவிகளுக்குப் பொருந்தாது. சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதும் மூன்றாண்டுக் கணக்கில் சிறிய தொகையன்று.

டெல்லியில் கல்லூரிக் கட்டணத்தைவிடத் தங்கும் செலவுதான் பெரிது. விடுதி இடங்கள் மிகக் குறைவு. பெரும்பாலோர் வெளியே அறையெடுக்கிறார்கள். கோவையிலிருந்து ஹஜ்ரத் நிஜாமுதீனுக்கு கொங்கு எக்ஸ்பிரஸ் வாரம் ஒருமுறைதான். தீபாவளிக்கு ஊர் வருவதற்கான பயணச்சீட்டை முன்பதிவு திறக்கும் நாளிலேயே எடுத்தாக வேண்டும். கல்விக் கடன் தேவைப்பட்டால், 4 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணையம் கேட்கக் கூடாது என்பது வங்கிகளின் பொது விதி. கிளை மேலாளர் மறுத்தால் வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பித்து, மறுப்பை எழுத்தில் கேளுங்கள்.

8. துறைக்கு நேரில் போய் வாருங்கள்

வேலை நாளில், விளம்பர அரங்குக்கு அல்லாமல் பொருளியல் துறைக்கே போங்கள். மூன்றாமாண்டு மாணவர்கள் இருவரிடம், சென்ற பருவத்தில் எந்தத் தாளில் எத்தனை வகுப்புகள் நடந்தன, முதுகலைக்கு எங்கே போகிறார்கள் என்று கேட்டால் போதும். நூலகத்தில் பொருளியல் அலமாரியையும் ஒரு பார்வை பாருங்கள்.

9. சேர்ந்த பிறகு இடம் மாற நேர்ந்தால்

ஜூனில் கோவையில் சேர்ந்து, ஜூலையில் வெளியே இடம் கிடைத்தால் இரண்டு கேள்விகள் எழும்: கட்டிய பணம், கொடுத்த சான்றிதழ்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2024–25 கல்வியாண்டுக்கு வெளியிட்ட விதிப்படி, செப்டம்பர் 30 வரை விலகுவோருக்கு முழுக் கட்டணத்தையும், அக்டோபர் 31 வரை விலகுவோருக்கு 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்காமலும் திருப்பித்தர வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் இப்படி ஓர் அறிவிப்பு வருகிறதா என்று பார்த்து, வந்தவுடன் அச்செடுத்து வையுங்கள். ஒரு கல்லூரி அலுவலகத்தில் "அதெல்லாம் எங்களுக்குப் பொருந்தாதுங்க" என்று எங்களிடம் சொன்னார்கள். அறிவிப்பின் படியை இணைத்து எழுத்தில் விண்ணப்பித்த பிறகுதான் பேச்சு மாறியது.

மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித்தர வேண்டும், கல்லூரியில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் மானியக் குழுவின் விதிதான். மாற்றுச் சான்றிதழ் மட்டும் கல்லூரியில் தங்கிவிடும். விலகும்போது கல்லூரி புதிதாக ஒன்று தரும், அதற்குச் சில நாட்கள் ஆகும். ஆகவே வெளியே ஒதுக்கீடு உறுதியான அன்றே விலகல் விண்ணப்பத்தை முதல்வர் அலுவலகத்தில் கொடுத்து, இரண்டாம் படியில் தேதியோடு ஒப்புகைக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். பணம் திரும்ப வர வேண்டிய வங்கிக் கணக்கு எண்ணை அந்த விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். கட்டிய ரசீதின் மூலத்தை ஒப்படைக்காமல் நகலை மட்டும் இணையுங்கள்.